சாரணச் சின்னமும் குடவோலைக் குடமும்

(பம்மலில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சாரணர் இயக்கம் என்றவுடன் காக்கி உடையும், கழுத்துத் துணியும், கயிற்று முடிச்சும், ஊதற்குழலுமே நினைவுக்கு வருகின்றன. அவ்வியக்கம் எதிலிருந்து பிறந்தது என்று கேட்பார் இலர். பேடன் பவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1907-ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்களில் பிரவுன்சீத் தீவில் இருபது சிறுவரைக் கொண்டு முதற் பாசறை நடத்தினார். அடுத்த ஆண்டே சிறுவர்க்கான சாரண நூலை எழுதி வெளியிட்டார். அந்நூலில் அவர் சிறுவர்க்கு முன்மாதிரியாகக் காட்டியவர் யார்? அவர்தம் நாட்டின் இடைக்கால மறவர். ஆர்தர் மன்னனின் வட்டமேசையில் அமர்ந்ததாகக் கதைகள் கூறும் குதிரை வீரர். சொல் தவறாமை, எளியோரைக் காத்தல், நாள்தோறும் ஒரு நற்செயல் ஆகிய சாரண நெறிகளுக்கு அவ்வீரரின் ஒழுக்கத்தையே அவர் வேராகக் காட்டினார். புனித சார்ச்சு என்னும் வீரரைச் சாரணரின் காவலராகவும் வைத்தார்.

அவருக்கு முன்பே, 1902-இல், அமெரிக்காவில் எர்னசுட்டு தாம்சன் சீட்டன் என்பார் சிறுவர் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது அந்நிலத்துத் தொல்குடி மக்களின் காட்டு வாழ்க்கை. சிறுவர் அம்மக்களைப் போலக் கூடாரம் அடித்தனர், தீ மூட்டினர், தடம் பார்த்தனர், ஒவ்வொரு திறத்துக்கும் ஓர் இறகு பெற்றனர். இன்றைய திறச்சின்னத்துக்கு அவ்விறகும் ஒரு மூதாதை எனலாம்.

ஆகவே சாரணர் இயக்கமே தொடக்கத்தில் ஒரு மீள்நடிப்புத்தான். முன்னோர் வாழ்ந்த வாழ்வைச் சிறுவர் தம் உடம்பால் மீண்டும் வாழ்ந்து பார்க்கும் முயற்சி அது. பின்னர், 1966-இல், கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் ஒரு வீட்டின் பின்புறத்தில் இளைஞர் சிலர் இடைக்கால உடையணிந்து வாட்போர் நடித்தனர். அதிலிருந்து வளர்ந்த மீள்நடிப்புக் கழகம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. நெசவு, தோல்வேலை, விற்பயிற்சி, பழஞ்சமையல் என அதில் கற்பிக்கப்படுபவை பலவும் சாரணரின் திறச்சின்னப் பாடங்களோடு பொருந்துவதால், ஒரே உழைப்பில் சிறுவர் இரண்டையும் பெறலாம் என்னும் எண்ணம் அங்கே எழுந்தது இயல்பே. விற்பயிற்சி, மட்பாண்டம், தோல்வேலை ஆகிய மூன்றுக்கும் அமெரிக்கச் சாரணரிடம் தனித்தனிச் சின்னங்கள் உள்ளன.

தமிழ்ப் பிள்ளை இதில் எங்கே நிற்கிறது?

இந்திய மண்ணில் சாரணர் இயக்கம் 1909-இல் பெங்களூரில் நுழைந்தபோது அது வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கலப்பின ஆங்கிலர் பிள்ளைகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இந்நாட்டுச் சிறுவர்க்குக் கதவு அடைக்கப்பட்டது. அதனை எதிர்த்து 1916-இல் அன்னி பெசண்டு அம்மையாரும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் ஒன்றைச் சென்னையில் நிறுவினர். அவ்வம்மையார் வாழ்ந்து பணியாற்றிய அடையாறு பம்மலுக்கு எவ்வளவு தொலைவு? பம்மலின் ஓரமாய் ஓடும் அதே ஆறு கடலைச் சேரும் இடந்தான். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது. விடுதலைக்குப் பின் 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பாரதச் சாரண இயக்கம் உருவாயிற்று. மறு ஆண்டில் சாரணியரும் அதனோடு இணைந்தனர்.

வெள்ளையர் அடைத்த கதவு திறந்தது, நன்று. ஆனால் திறந்த கதவின் மேல் எழுதப்பட்ட எழுத்து எம்மொழியினது? பிள்ளை ஏறும் படிகளின் பெயர்களைக் கேளுங்கள்: பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான், இராச்சிய புரஸ்கார். இறைவேண்டற் பாட்டு இந்தி, கொடிப்பாட்டும் இந்தி. பத்து அகவைத் தமிழ்ப் பிள்ளை பொருள் அறியாது அவற்றை மனப்பாடம் செய்து ஒப்புவித்தால்தான் முதற்படி ஏறலாம். குருளையர் எனப்படும் சிறு பிள்ளைகளுக்கோ கிப்ளிங்கு எழுதிய காட்டுக் கதையே இன்றும் அடிப்படை. ஆங்கிலேயர் தம் முன்னோரை நடித்தனர். தமிழ்ப் பிள்ளை அந்த நடிப்பை இந்திப் பெயரிட்டு நடிக்கிறது.

நுழைவு, முதற்படி, இரண்டாம்படி, மூன்றாம்படி, மாநில விருது என்பதற்கு என்ன குறை? அணியமாயிரு என்று முழங்கினால் சாரணன் அணியமாகமாட்டானா? சாரணர் என்னும் சொல்லைப் பற்றியும் ஐயம் எழுவதுண்டு. சிலப்பதிகாரத்தில் அது வழிச்செல்லும் சமணத் துறவியரைக் குறித்து வருகிறது; அதன் வேர் வடமொழி என்பர். வேவு பார்ப்பாரைத் தமிழ் ஒற்றர் என்னும். திருக்குறளில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே உண்டு. ஆயினும் ஒற்றன் என்று இன்று பிள்ளையை அழைத்தால் பெற்றோர் அனுப்பமாட்டார். வேரூன்றிவிட்ட அப்பெயர் இருக்கட்டும். படிகளின் பெயரையும் பாட்டின் மொழியையும் முதலில் பார்ப்போம்.

இனி, பெயரை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. உள்ளீடு தமிழாக வேண்டும். சமையலர், வழிகாணுநர், கட்டுமான முன்னோடி, இயற்கை ஆய்வர், முதலுதவியர், குடிமகன் முதலிய திறச்சின்னங்கள் சாரண இயக்கத்தில் ஏற்கெனவே உள்ளவை. அவற்றின் விதிகளை மீறாமலே ஒவ்வொன்றுக்குள்ளும் தமிழரின் இடைக்கால வாழ்வை வைத்துக் கற்பிக்கலாம்.

வழிகாணுதலையும் தடம் பார்த்தலையும் எடுத்துக்கொள்வோம். ஆநிரை கவர்தலும் மீட்டலும் வெட்சி, கரந்தை எனத் தொல்காப்பிய காலந்தொட்டு வகுக்கப்பட்டவை. பல்லவர், சோழர் காலம் வரை நடுகற்களில் தொடர்ந்தவை. ஓர் அணி வெட்சி சூடி ஆநிரையை மறைத்து வைக்கட்டும். மற்றோர் அணி கரந்தை சூடிக் குளம்புத் தடம் பார்த்து மீட்கட்டும். இதைவிடச் சிறந்த தடம்பார் விளையாட்டை எந்தச் சாரண நூல் சொல்லியிருக்கிறது? வெட்சி எது, கரந்தை எது, நொச்சி எது, தும்பை எது என்று செடியைத் தொட்டுக் காட்டத் தெரிந்த பிள்ளைக்கு இயற்கை ஆய்வரின் பாடத்தில் ஒரு பகுதி முடிந்தது. நொச்சி பம்மல் வேலிகளிலும் நிற்கிறது. சளிக்கு ஆவி பிடிக்கத் தாய்மார் பறிக்கும் அதே தழைதான் கோட்டை காத்த வீரன் சூடியது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. மகேந்திரவருமப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. ஆநிரைப் பூசலில் மாண்ட கருந்தேவகத்தி என்னும் வீரனின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டு நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் கல்லில் உள்ளது. கள்வரைக் கடித்து நின்ற நாய் அது. பேரரசனின் பெயர் இருக்கும் அதே கல்லில் ஒரு நாயின் பெயரையும் எழுதிய குமுகாயம் இது! வீரனாக நடிக்கப் பல பிள்ளைகள் முந்துவர்; கோவிவனாக நடிக்க இன்னும் பலர் முந்துவர். கல்லைத் தேடிக் காணல், நாட்கொள்ளல், நீராட்டல், நடுதல், படையலிடல், வாழ்த்தல் எனத் தொல்காப்பியம் வகுத்த ஆறு நிலைகளையும் பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் நிகழ்த்திவிடலாம்.

அந்த மகேந்திரன் குடைவித்த குகை ஒன்று பம்மலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பல்லாவரம் குன்றில் இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலன வடமொழி என்பதையும் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டுவதில்லை. கோயிலும் கல்வெட்டும் செய்த மன்னனுக்கும் மக்கள் மொழிக்கும் இடையே அன்றே தொலைவு இருந்தது என்பது வரலாறு. அக்குகை இன்று இசுலாமியப் பெருமக்கள் வழிபடும் இடம். அங்கே செல்லும் பிள்ளை அவ்வழிபாட்டுக்கு உரிய அமைதியோடு செல்லல் வேண்டும். இதே பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இராபர்ட்டு புரூசு பூட்டு கண்டெடுத்த கற்கோடரிதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்குக் கால்கோள்.

கைத்தொழிற் பாடங்களுக்குப் பம்மலைச் சுற்றியே ஆசான்கள் இருக்கிறார்கள். அனகாபுத்தூர் நெசவாளர் நெய்த கட்டம்போட்ட துணி கடல் கடந்து நைசீரியா வரை சென்றது. இன்று வாழைநாரில் நெய்வோரும் அவ்வூரில் உள்ளனர். நாகல்கேணியிலும் குரோம்பேட்டையிலும் தோல் பதனிடுதல் ஒரு நூற்றாண்டாக நடக்கிறது. குரோம்பேட்டை என்னும் பெயரே தோற்சாலையால் வந்தது. தறியில் அமர்ந்து ஒரு முழம் நெய்யாத பிள்ளைக்கு நெசவுச் சின்னம் எதற்கு? தோலாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். அது இடைக்காலப் பாடமன்று, ஆயினும் விலக்கத்தகாதது.

சிலம்பக் கோல் பற்றி ஒரு சொல். பிடிப்பவனின் நெற்றி உயரத்துக்கு அளந்து வெட்டுவது அக்கோல். பழைய சாரணர் கைக்கழியும் ஏறத்தாழ அதே உயரம். கழி வேறு, கோல் வேறு என்று இரண்டு வாங்க வேண்டா.

இவை யாவும் எளியவை. கடினமானது ஒன்று உண்டு, அதற்காகவே இவ்வுரை. மீள்நடிப்பு என்றதும் எல்லாப் பிள்ளையும் இராசராசனாகவே விரும்பும். பெற்றோரும் அட்டை முடி வாங்கித் தருவர். மேலைநாட்டு மீள்நடிப்புக் கழகத்திலும் இதே நோய்தான்; அங்கே சேரும் ஒவ்வொருவரும் உயர்குடிப் பிறப்பினராகவே கொள்ளப்படுகிறார். உழுதவனும் குளம் வெட்டியவனும் அங்கே இல்லை! தமிழ்நாட்டில் இந்நோய் இன்னும் கொடிது. இன்ன மன்னன் எம் சாதி, இன்ன வீரன் எம் சாதி என்று சுவரொட்டி ஒட்டிச் சண்டையிடும் காலம் இது. பிள்ளைக்கு முடி சூட்டி, வாள் கொடுத்து, பின்னால் சாதிக் கொடி பிடித்தால் அது மீள்நடிப்பன்று, நஞ்சு. தமிழரைத் தமிழராக்க எடுத்த முயற்சி தமிழரைச் சாதிகளாகப் பிரித்து முடிந்தால், அதற்கு இந்திச் சோபானமே மேல் என்று சொல்லும்படி ஆகிவிடும்.

இதற்கு மருந்தும் சோழர் காலத்திலேயே இருக்கிறது: குடவோலை.

பம்மலிலிருந்து தென்மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்தரமேரூர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர் ஓலையில் எழுதப்பட்டு, குடும்பு வாரியாகக் கட்டப்பட்டு, குடத்தில் இடப்பட்டது. ஓலையை எடுத்தவர் யார்? உருத் தெரியாத ஒரு சிறுவன். எடுத்த ஓலையை நடுவன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏந்திப் படிக்க வேண்டும். விரலை மூடினால் ஓலை மாறலாம் அன்றோ! பின் அங்கிருந்தோர் எல்லாரும் அதை வாங்கிப் படித்தனர். ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பொறுப்பேற்றனர். பதவி 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழாது. அவன் உறவினர் பெயரும் விழாது.

பதினொரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த அத்தேர்தலின் நடுவில் ஒரு சிறுவன் நின்றான் என்பதை முன்வரிசைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். குடிமகன் சின்னத்துக்கு இதைக் காட்டிலும் பொருந்திய மீள்நடிப்பு வேறெங்கும் கிடைப்பது அரிது.

ஆனால் அதை எப்படி நடிப்பது? உத்தரமேரூர் பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊர். குடத்தில் பெயர் விழ வேண்டுமாயின் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். இரண்டாம் கல்வெட்டின்படி அகவை 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் ஓதியவர் அரைக்கால் வேலி வைத்திருந்தாலும் போதும் என்னும் சலுகையும் உண்டு. பெண்டிர் பெயரோ உழுகுடியினர் பெயரோ அக்குடத்தில் இல்லை. மேடைகளில் இதைச் சொல்லாமல், தமிழன் அன்றே குடியாட்சி கண்டான் என்று மட்டும் முழங்கிவிட்டுப் போவோர் உண்டு. பிள்ளைகளிடம் அவ்வாறு முழங்கல் ஆகாது. பொய்யை ஊட்டி வளர்த்த பற்று, அப்பொய் வெளிப்படும் நாளில் பற்றோடு சேர்ந்து உதிரும்.

ஆகவே இருமுறை நடிக்க வேண்டும். முதன்முறை கல்வெட்டில் உள்ளவாறே. பிள்ளைகள் வட்டமாக நிற்கட்டும். ஒவ்வொருவரும் தம் வீட்டாரின் நிலையை மனத்தில் கொள்ளட்டும்; வாய்விட்டுச் சொல்ல வேண்டா. கால் வேலி எவ்வளவு என்று முதலில் அளந்து காட்டுங்கள். தஞ்சைப் பகுதியின் பிற்கால வழக்கில் ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர், கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். 2,400 சதுர அடி கொண்ட இன்றைய கிரவுண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 30 கிரவுண்டு. சோழர் பதினாறு சாண் கோலால் நிலம் அளந்தனர். மூங்கிலில் அக்கோலை வெட்டிப் பள்ளித் திடலை அளந்தால், சாரணர்க்குரிய அளவுக் கணிப்புப் பயிற்சியும் அதிலேயே முடியும். பின்னர் நடுவர் விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கட்டும். பெண்பிள்ளைகள் வட்டத்தை விட்டு வெளியே வருக. வாடகை வீட்டார் வெளியே வருக. நிலமில்லார் வெளியே வருக. பம்மலில் கடைசியில் எத்தனை பேர் எஞ்சுவர்? ஒருவரும் எஞ்சமாட்டார். வெறும் வட்டத்தின் நடுவே குடம் மட்டும் இருக்கும். அந்த அமைதியில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு ஆசிரியர் விடை சொல்ல அணியமாயிருக்க வேண்டும்.

இரண்டாம் முறை எல்லாரும் உள்ளே வருக. எல்லார் பெயரும் ஓலையில் ஏறட்டும். இப்போது குடத்திலிருந்து எடுக்கப்படுவது வாரியம் மட்டுமன்று. மீள்நடிப்பின் வேடங்களும் குடத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். யார் மன்னன், யார் ஏரி வெட்டுவோன், யார் குயவன், யார் தறியாளர், யார் கோவிவன் என்பதைக் குடமே சொல்லட்டும். சென்ற முறை மன்னனாக இருந்தவன் இம்முறை ஏரி வெட்டட்டும். சென்ற முறை மண் சுமந்த பெண்பிள்ளை இம்முறை செங்கோல் ஏந்தட்டும். எந்தப் பெற்றோரும் தம் பிள்ளைக்கு இன்ன வேடம் வேண்டும் என்று கேட்டல் கூடாது. கேட்டால் அவ்வீட்டுப் பிள்ளை அம்முறை ஓலை எடுக்கும் சிறுவனாக இருக்கட்டும். அது தண்டனையன்று, அதுவே பெரும்பதவி.

நடிப்பு பம்மலுக்குப் புதியதன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவி, வழக்குரைஞரையும் அலுவலரையும் மேடையேற்றினார். கற்றவர் நடிப்பதை இழிவென்று கருதிய காலம் அது. அவர் நாடகங்களின் நடையில் வடசொல் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சுமந்து, மேடையைக் கற்றோர்க்குரியதாக்கிய அருஞ்செயலை மறுத்தல் ஆகாது.

ஏரி வாரியம் நடிப்போடு நிற்கத் தகாதது. 2015-ஆம் ஆண்டு திசம்பரில் அடையாற்றுப் பெருவெள்ளம் அனகாபுத்தூரையும் முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தையும் மூழ்கடித்ததை அன்று கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகளும் கேட்டு அறிந்திருப்பர். ஏரிகளையும் அவற்றை இணைத்த கால்வாய்களையும் தூர்த்ததும் அழிவைப் பெருக்கிற்று. பல்லாவரம் பெரிய ஏரியை ஒரு நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்து செல்கிறது. 2021-இல் பம்மலும் அனகாபுத்தூரும் பல்லாவரமும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த பின், ஏரிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை கிடைப்பது முன்னினும் நீண்ட வழியாயிற்று. குடத்தில் தேர்ந்த ஆறு பிள்ளைகளும் 360 நாளுக்கு ஓர் ஏரியைப் பார்த்து எழுதட்டும்: நீர்மட்டம் எவ்வளவு, மதகு எங்கே, கழிவு எவ்வழி புகுகிறது, எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை. ஆண்டு முடிவில் கணக்கைப் பள்ளி அவையில் படிக்கட்டும். அதன் படி ஒன்றை மாநகராட்சி அலுவலகத்துக்கும் கொடுக்கட்டும். கணக்குக் காட்டாதார் பெயர் அடுத்த ஆண்டுக் குடத்தில் விழாது. அவ்விதி மட்டும் கல்வெட்டில் உள்ளவாறே இருக்கட்டும்.

2025-ஆம் ஆண்டு சனவரி 28 முதல் பிப்பிரவரி 3 வரை மணப்பாறையில் சாரண சாரணியரின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. பல மாநிலப் பிள்ளைகள் தமிழ் மண்ணில் கூடாரம் அடித்துத் தங்கினர். அடுத்த திரளணி எங்கு நடந்தாலும், பம்மல் பிள்ளைகள் ஒரு மண்குடமும் ஒரு கட்டு ஓலையும் எடுத்துச் செல்லட்டும். ஒரியரும் வங்கரும் மராத்தியரும் தத்தம் பெயரைத் தத்தம் எழுத்தில் எழுதிக் குடத்தில் இடட்டும். இந்தி தெரியாமலே அவர்கள் அனைவரும் அவ்விளையாட்டை விளையாடலாம்.

ஓலைக்கு என் செய்வது என்று கேட்பீர்கள். இளம் பனையோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, மஞ்சள் சேர்த்த நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்தால் எழுதும் ஓலை ஆகும். எழுத்தாணியால் கீறியபின் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்துத் துலங்கும். முதல் ஓலைகளில் பிள்ளைகள் தம் பெயரையே தவறாகக் கீறுவர். எழுத்தாணி புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்பதால் பழைய சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இல்லாமற் போனது ஏன் என்று அவர்களே அப்போது அறிவர். மண்குடம் வாங்கும்போது வாய் அகன்றதாகப் பார்த்து வாங்குக. சிறுவன் கை உள்ளே சென்று ஓலையோடு வெளியே வர வேண்டும்.